குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா நர்ஸம்மாவை ஏன் நாம கூப்பிடுறதில்ல?

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருவேற்காடுன்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்? நிறைய பேருக்குக் கருமாரி அம்மன் கோயில். பூந்தமல்லி ஹைரோட்டுல தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு வேலப்பன்சாவடி டிராஃபிக். வாடகை வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு, "சிட்டிக்குப் பக்கம், ஆனா சிட்டி ரேட் இல்ல சார்"னு புரோக்கர் சொன்ன டயலாக்.

இன்னைக்கு நாம பேசப்போறது வேற விஷயம். இந்த மாதிரி ஒரு ஊர்ல, ரெண்டு வயசுக் குழந்தைக்குக் காய்ச்சலோ வயித்தாலயோ வந்தா, அந்த வீட்டுல இருக்கிறவங்க முதல்ல எங்க போறாங்க?

பெரும்பாலும் தெருமுனை மெடிக்கல் ஷாப். "அண்ணா, குழந்தைக்கு ஜுரம், ஏதாவது சிரப் குடுங்க." அடங்கலன்னா சாயங்காலம் திறக்குற ஒரு கிளினிக். அதுக்கும் அடங்கலன்னா, மூணாவது நாளோ நாலாவது நாளோ, ஆட்டோ பிடிச்சு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. மெடிக்கல் ஷாப்புக்கும் எழும்பூருக்கும் நடுவுல கழியுற அந்த மூணு நாள்தான் சின்னக் குழந்தைக்கு ஆபத்தான நாள். நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ ஒரு கைக்குழந்தையை மோசமாக்க அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

அந்த மூணு நாளுக்காகவே அரசு ஒரு ஏற்பாடு வெச்சிருக்கு. வீட்டுக்குப் பக்கத்துல, காசில்லாம, பயிற்சி எடுத்த ஒரு ஆள். அப்படி ஒரு ஆள் இருந்தும் நாம ஏன் அவங்களைத் தாண்டிப் போறோம்? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

ஊரா, டவுனா?

முதல்ல இந்த ஏற்பாடு எப்படின்னு பார்த்துடலாம். கிராமப்புறத்துல, சமவெளியா இருந்தா 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதின்னா 3,000 பேருக்கு ஒண்ணு. அங்க இருக்கிறவங்கதான் கிராம சுகாதார செவிலியர். ஊர்ல "நர்ஸம்மா"ன்னு கூப்பிடுவாங்களே, அவங்க. அவங்களுக்கு மேல, 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அங்க டாக்டர். மத்த மாநிலங்கள்ல நீங்க கேள்விப்படுற "ஆஷா" பணியாளர்கள் 2005-ல தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோட வந்தவங்க. தமிழ்நாட்டுல ஆஷா குறைவு. இங்க பெரும்பாலான ஊர்கள்ல இந்த வேலையைத் தாங்குறது நர்ஸம்மாவும் அங்கன்வாடி அக்காவும்தான்.

நகரத்துக்கு வேற கணக்கு. 2013-ல வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்துல, ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்னு வெச்சாங்க. அது போதலன்னு தமிழ்நாடு அரசு நகர்ப்புற நலவாழ்வு மையங்களை ஆரம்பிச்சது. 2023 ஜூன் 6-ம் தேதி ஒரே நாள்ல 500 மையங்களைத் திறந்தாங்க. டாக்டர், செவிலியர், சுகாதார ஆய்வாளர், உதவியாளர்னு ஒரு சின்ன டீம். காலையில 8-லிருந்து 12 வரைக்கும், சாயங்காலம் 4-லிருந்து 8 வரைக்கும். வேலைக்குப் போயிட்டு வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் போக முடியணும்னுதான் அந்த சாயங்கால நேரம்.

இப்போ திருவேற்காட்டை இதுல எங்க வைப்பீங்க? பேப்பர்ல அது திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு நகராட்சி. 2011 கணக்கெடுப்புல 62,000 பேருக்கு மேல. 2021-ல நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால, ரொம்ப நாளா திட்டம் போடுறவங்க கையில இருந்தது அந்தப் பழைய எண்தான். கோலடி, நூம்பல், காடுவெட்டி பக்கம் ஒரு ரவுண்டு போனா, எத்தனை புதுக் கட்டடம்னு கண்ணாலயே பார்க்கலாம். பழைய ஊர்த்தெரு, அதை ஒட்டி ஃபிளாட், அதுக்குப் பின்னாடி கட்டட வேலைக்கு வந்தவங்க தங்குற தகரக் கொட்டகை. மூணும் ஒரே வார்டுல.

கிராமத்துல நர்ஸம்மா கையில ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். எந்த வீட்டுல கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கின்னு அதுல இருக்கும். அந்த ரெஜிஸ்டர்தான் அவங்க பலம். ஆனா பதினோரு மாச அக்ரிமெண்ட் முடிஞ்சதும் வீடு மாறுற குடும்பம் எந்த ரெஜிஸ்டர்ல இருக்கும்? பீகார்லேருந்தோ ஒடிசாவுலேருந்தோ வந்து ஒரு சைட்ல ஆறு மாசம், அடுத்த சைட்ல ஆறு மாசம்னு இருக்கிற குடும்பம்? அந்த அம்மாவுக்கு நர்ஸ் யாருன்னு தெரியாது. நர்ஸுக்கு அந்தக் குழந்தை இருக்கிறதே தெரியாது. கிராமத்தோட நெருக்கம் போயிடுச்சு, நகரத்தோட வசதி கைக்கு வரல. புறநகரோட பிரச்சினை இதுதான்.

ஒரு வாட்ச் வெச்சு நிமோனியாவைக் கண்டுபிடிக்கிறது

"சரி, நர்ஸ் வந்து என்ன பண்ணிடுவாங்க? டாக்டர் இல்லையே"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி.

1990-கள்ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினாங்க. சின்னக் குழந்தைகளைக் கொல்ற நோய்கள் கொஞ்சம்தான்: நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா, தட்டம்மை, இதுக்கெல்லாம் அடியில சத்துக்குறைவு. எக்ஸ்ரேவும் லேபும் இல்லாத இடத்துலயும், வெளியில தெரியுற அறிகுறிகளை வெச்சே இதை அடையாளம் காணலாம்னு படிப்படியா ஒரு அட்டவணை போட்டாங்க. அதுல பச்சிளங் குழந்தைகளுக்கான பகுதியையும் சேர்த்து இந்தியா தனக்கேத்த மாதிரி மாத்திக்கிச்சு. அந்த அட்டவணையில மூணு நிறம். இளஞ்சிவப்புன்னா உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள்னா இங்கேயே மருந்து கொடுத்துக் கவனிக்கலாம். பச்சைன்னா வீட்டுலயே பார்த்துக்கலாம்.

உதாரணத்துக்கு இருமல். நூறு குழந்தை இருமினா பெரும்பாலானதுக்குச் சாதாரண சளிதான். அதுல எந்தக் குழந்தைக்கு நிமோனியா? ஒரு முழு நிமிஷம், வாட்சைப் பார்த்துக்கிட்டே, குழந்தை அமைதியா இருக்கும்போது மூச்சை எண்ணணும். 2 மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைன்னா நிமிஷத்துக்கு 60 அல்லது அதுக்கு மேல, 2 மாசத்துலேருந்து ஒரு வயசுக்குள்ளன்னா 50 அல்லது மேல, ஒண்ணுலேருந்து அஞ்சு வயசுக்குள்ளன்னா 40 அல்லது மேல: இது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ நெஞ்சு உள்ள ஒடுங்குதான்னும் பார்க்கணும். அவ்வளவுதான் கருவி. மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்ல குழந்தை இல்லாமலேயே நாம வாங்கிட்டு வர்ற சிரப்புக்கு இந்த ஒரு நிமிஷம் கிடைக்கிறதில்ல.

கட்சிரோலி ஜெயிச்சது, எத்தியோப்பியா ஏன் தடுமாறிச்சு?

இது நிஜமாவே உயிரைக் காப்பாத்துமா? மகாராஷ்டிராவுல கட்சிரோலி மாவட்டம். டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி அங்க கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. பிரசவம் ஆன வீட்டுக்குப் போய், பச்சிளங் குழந்தையைப் பார்த்து, எடை போட்டு, கிருமித் தொற்றோட அறிகுறி இருக்கான்னு கவனிச்சு, தேவைப்பட்டா மருந்தும் கொடுக்குற வேலை. 1999-ல 'லான்செட்' இதழ்ல முடிவு வந்தது. மூணாவது வருஷத்துல, இந்தச் சேவை இல்லாத பக்கத்து ஊர்களோட ஒப்பிட்டா, பிறந்த ஒரு மாசத்துக்குள்ள இறக்குற குழந்தைகள் 62 சதவீதம் குறைவு. பின்னாடி இந்திய அரசு, ஆஷாக்கள் மூலமா வீட்டுக்கே போய்ப் பச்சிளங் குழந்தையைப் பார்க்குற திட்டத்தை 2011-ல கொண்டுவர இந்த அனுபவம்தான் அடிப்படை.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எத்தியோப்பியாவுல ஓரோமியா பகுதி. அங்கயும் கிராமத்துக் கிராமம் சுகாதாரப் பணியாளர்கள் இருந்தாங்க. பயிற்சி, மருந்து, மேற்பார்வை எல்லாம் கொடுத்து, குழந்தை மரணம் குறையுதான்னு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க. 2016-ல முடிவு வெளியாச்சு. சேவை கிடைச்ச பகுதிக்கும் கிடைக்காத பகுதிக்கும் மரண விகிதத்துல தெளிவான வித்தியாசம் இல்ல. முக்கியமான ஒரு காரணம் ரொம்ப எளிமையானது. உடம்பு சரியில்லாத குழந்தைகளை அவங்ககிட்ட தூக்கிட்டு வந்தவங்க ரொம்பக் கம்மி.

கட்சிரோலியில அந்தப் பெண்கள் வீட்டைத் தேடிப் போனாங்க, ஊருக்கு அவங்களைத் தெரியும். ஓரோமியாவுல மருந்தும் ஆளும் நிலையத்துல காத்திருந்தது. சேவை பக்கத்துல இருக்கிறது வேற, அதை ஜனங்க பயன்படுத்துறது வேற.

ஏன் போறதில்ல?

நம்ம ஊருக்கு வருவோம். மூணு காரணம் சொல்லலாம்.

ஒண்ணு, அவங்க வேலை தடுப்பூசி போடுறதும் கர்ப்பிணிகளைப் பார்க்குறதும்தான்னு நாம நினைக்கிறோம். குழந்தை இருமுதுன்னு அவங்ககிட்டயும் போகலாம்ங்கிறது பலருக்குத் தோணுறதே இல்ல.

ரெண்டு, நேரம். நர்ஸம்மா களப்பணிக்குப் போயிருந்தா நிலையம் பூட்டியிருக்கும். தினக்கூலிக்குப் போற அம்மா ஒரு தடவை போய்ப் பூட்டைப் பார்த்தா, அரை நாள் கூலி போச்சு. அடுத்த தடவை போக மாட்டாங்க. இதுல அந்த அம்மா மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல.

மூணு, "ஊசி போட்டாத்தான் வைத்தியம்"ங்கிற நம்பிக்கை. உப்புத்தூள் பாக்கெட்டும் பத்துப் பைசா சைஸ் மாத்திரையும் கொடுத்து அனுப்பினா, "ஒண்ணுமே பண்ணல"ன்னு வருத்தம். கிளினிக்ல ஒரு ஊசி, கலர் கலரா நாலு மருந்து கொடுத்தா திருப்தி.

கேட்டா மாறுது

அந்த உப்புத்தூள் பாக்கெட்டைக் கொஞ்சம் பார்ப்போம். ஓ.ஆர்.எஸ். 1971, வங்கதேச விடுதலைப் போர். அகதிகள் குவிஞ்ச மேற்கு வங்காளத்து பன்காவ் முகாம்ல காலரா. ஏத்துறதுக்கு சலைன் தீர்ந்துபோகுது. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை உறவினர்கள் கையிலயே கொடுத்து, "நீங்களே குடிக்க வைங்க"ன்னாரு. 30 சதவீதம் அளவுல இருந்த மரணம், அந்தக் கரைசல் குடிச்சவங்கள்ல 3.6 சதவீதமாச்சு. 2023-ல அவர் மறைவுக்குப் பிறகு பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

குளுக்கோஸும் உப்பும் சரியான அளவுல சேர்ந்தா, குடல் அதை உள்ள இழுக்கும்போது தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கும். தத்துவம் அவ்வளவுதான். ஆனா 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவுல வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகள்ல 61 சதவீதத்துக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைச்சது. கூடவே கொடுக்க வேண்டிய துத்தநாக மருந்து, அதாவது ஜிங்க், சுமார் 31 சதவீதத்துக்குத்தான்.

ஏன்? 2024-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. கர்நாடகா, பீகார் ரெண்டு மாநிலத்துலயும் 253 ஊர்கள்ல, 2,000-க்கு மேற்பட்ட தனியார் வைத்தியர்கள்கிட்ட, நடிக்கத் தெரிஞ்ச ஆட்களை அனுப்பினாங்க. "வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தைக்கு வயித்தால போகுது"ன்னு சொல்லணும். ஓ.ஆர்.எஸ். எழுதாததுக்கு ஸ்டாக் இல்லாதது, லாபம் குறைவுங்கிறதெல்லாம் சின்னக் காரணங்கள்தான். பெரிய காரணம், "ஜனங்களுக்கு இது பிடிக்காது"ன்னு வைத்தியர்களே நினைச்சுக்கிட்டது. வந்தவர், எங்களுக்கு ஓ.ஆர்.எஸ். வேணும்னு காட்டிக்கிட்டப்போ, அதை எழுதிக் கொடுக்குறது 27 சதவீதப் புள்ளி கூடிச்சு.

அதாவது, நீங்க வாயைத் திறந்து கேட்டாலே வைத்தியம் மாறுது. "டாக்டர், ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் கொடுக்கலாமா?" இந்த ஒரு வாக்கியம் போதும்.

கடையில வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தூள் பாக்கெட்டைத்தான் வாங்கணும்: 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணிக்குன்னு போட்டிருக்கும். பேர்ல ஓ.ஆர்.எஸ். போட்டு வித்த இனிப்பு பானங்கள் வேற. அப்படிப் பேர் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. சர்க்கரை அதிகமான பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டத்தான் செய்யும்.

அம்மை போட்டா?

திருவேற்காட்டைப் பத்திப் பேசிட்டு அம்மையைப் பத்திப் பேசாம போக முடியாது. கருமாரி அம்மன் ஊராச்சே. குழந்தைக்கு உடம்புல முத்து மாதிரி வந்தா, நம்ம வீடுகள்ல "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்லுவோம். வேப்பிலை வைப்போம், இளநீர் கொடுப்போம், வெளியாளை உள்ள விட மாட்டோம், தாளிக்க மாட்டோம், மூணு தண்ணி ஊத்துவோம்.

இதுல நல்ல விஷயம் நிறைய இருக்கு. தனியா வைக்கிறது, ஓய்வு, நீராகாரம் இதையெல்லாம் எந்த டாக்டரும் சரின்னுதான் சொல்லுவாரு. சிக்கல் ஒரே ஒரு இடத்துல: "அம்மை போட்டிருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது"ங்கிறது. சின்னம்மை பெரும்பாலும் தானா இறங்கிடும். தட்டம்மை அப்படி இல்ல. காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு, அப்புறம் முகத்துல ஆரம்பிச்சுக் கீழ இறங்குற தடிப்பு. பின்னாடியே நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் வரலாம். உயிருக்கு ஆபத்தா முடியுறது பெரும்பாலும் அதுலதான். தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த ரெண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த அளவை மருத்துவப் பணியாளர்தான் கொடுக்கணும்.

அம்மனுக்கு வேண்டிக்கோங்க, வேப்பிலையும் வைங்க, அதே நாள்ல சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் உங்க தெருவுல இன்னும் ஊசி போடாத குழந்தை எதுன்னு அவங்க தேடுவாங்க. இந்த வைரஸ் ஒரு அறையோட காத்துல ரெண்டு மணி நேரம் வரைக்கும் இருக்கும். பக்கத்து ஃபிளாட்டுக்குப் போக அதுக்கு லிஃப்ட் போதும்.

2017 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது ஞாபகம் இருக்கா? இப்போ இதைக் கேக்குற சிலர் அப்போ ஸ்கூல்ல ஊசி போட்டுக்கிட்டவங்களா இருப்பீங்க. வாட்ஸ்ஆப் வதந்தியால பல பெற்றோர் பயந்து பின்வாங்கினாங்க, முகாமோட நாளையே நீட்டிக்க வேண்டி வந்தது. இதைக் கிராமத்து மூடநம்பிக்கைன்னு ஒதுக்க முடியாது. அந்த ஃபார்வர்டு வந்தது நம்ம ஃபேமிலி குரூப்ல.

சரி, நாம என்ன பண்ணலாம்?

உங்கள்ல பலருக்கு இன்னும் குழந்தையே இருக்காது. ஆனா அக்கா குழந்தை, பக்கத்து வீட்டுக் குழந்தை, உங்க ஃபிளாட்டுல வேலை பார்க்குற அக்காவோட குழந்தை, வாட்ச்மேன் அண்ணாவோட குழந்தைன்னு நிச்சயமா யாராவது இருப்பாங்க. உங்க கையில போன் இருக்கு, விசாரிக்க நேரமும் இருக்கு.

முதல் வேலை, உங்க வார்டுக்கான சுகாதார நிலையமோ நலவாழ்வு மையமோ எங்க, எத்தனை மணிக்குத் திறக்கும், அந்தப் பகுதி செவிலியர் யார்னு இந்த வாரமே விசாரிச்சு வெச்சுக்கோங்க. அங்கன்வாடியில கேட்டாலே சொல்லுவாங்க. அதை ஃபிளாட் குரூப்ல போடுங்க. குரூப்ல இல்லாத வாட்ச்மேன் அண்ணாவுக்கு நேர்ல சொல்லுங்க. ஆள் இல்ல, பூட்டியிருக்குன்னா கவுன்சிலர்கிட்ட கேளுங்க. யாரும் கேக்காத சேவை தானா தேஞ்சுபோகும்.

ரெண்டாவது, வயித்தால போற குழந்தைக்கு: ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில முழுசா கரைங்க. பாதிப் பாக்கெட், அரை டம்ளர் கணக்கெல்லாம் வேண்டாம். ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க. 24 மணி நேரத்துக்கு மேல அந்தக் கரைசலை வெச்சுக்க வேண்டாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். ஜிங்க் ஆரம்பிச்சா, வயித்தால நின்னாலும் அவங்க சொன்ன 14 நாளும் கொடுங்க.

மூணாவது, காத்திருக்கவே கூடாத அறிகுறிகள். குழந்தை பால் குடிக்கல, தண்ணி குடிக்க முடியல. குடிச்சதெல்லாம் வாந்தி. வலிப்பு. எழுப்பினாலும் சரியா முழிக்காம சோர்ந்து கிடக்குது. மூச்சு விடும்போது நெஞ்சு உள்ள ஒடுங்குது. மலத்துல ரத்தம். ரெண்டு மாசத்துக்குள்ள உள்ள குழந்தைக்குக் காய்ச்சல், இல்லன்னா உடம்பு சில்லுன்னு ஆகுறது. இதுல ஒண்ணு இருந்தாலும் மெடிக்கல் ஷாப் வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்கிறதும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி, வண்டி இல்லன்னா 108. சந்தேகம் கேக்கணும்னா 104. ரெண்டுமே இலவசம்.

நான் சொன்னதெல்லாம் பொதுவான தகவல். குழந்தையை நேர்ல பார்க்குறவங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை.

இந்த எபிசோடை ஒருத்தருக்கு அனுப்பணும்னா, உங்களைவிட இது தேவைப்படுற ஒரு அம்மாவுக்கு அனுப்புங்க. அவங்ககிட்ட ஸ்மார்ட்போன் இல்லன்னா, அந்த ஏழு அறிகுறிகளை மட்டும் நேர்ல சொல்லிடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.